பவுலூசியின் புருவம்

காலையில் "போய்த் தொலைங்க" என்று சொன்னதுதான் தாமரைச்செல்வி தன் கணவனிடம் கடைசியாகப் பேசியது. டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் இருக்கும் தங்கள் வீட்டில், அதை வாரத்துக்கு நாலு தடவை சொல்வாள். கராஜ் கதவு இறங்குவதற்குள் இருவருக்குமே மறந்துவிடும். இப்போதோ கனடாவின் வடகோடியில், கடல் எது வானம் எது என்று தெரியாத மூடுபனியில், அவன் போன படகு மதியமாகியும் திரும்பவில்லை. அந்த வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாக ஏறி உட்கார்ந்திருந்தது.

ஐம்பது வயது நிறைந்ததற்குச் சேனாபதி தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பரிசு இந்தப் பயணம். டெக்சாஸ் கடற்கரையில், கால்வெஸ்டனில் பிடித்ததெல்லாம் மீனே இல்லையாம். அந்த வடகோடிப் பூர்வகுடிகளான இன்யூட் மக்கள் நடத்தும் மீன்பிடி முகாமாம், ஆர்க்டிக் சார் என்று ஒரு மீனாம். "பேரே சார்! மீனுக்கே மரியாதை குடுக்கிற ஊரு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். இவளுக்குக் குளிரும் ஆகாது, படகும் ஆகாது. ஆனாலும் வந்து தொலைத்தாள்.

முகாமை நடத்துகிறவர் பவுலூசி. அறுபது வயதிருக்கும். அவருடைய தம்பிதான் சேனாபதியைப் படகில் கூட்டிப்போயிருந்தார். சாட்டிலைட் போனை மடியில் வைத்துக்கொண்டு பவுலூசி கூடார வாசலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்தை அளந்து அளந்து பேசுகிற மனிதர்.

"அவர் பத்திரமாக இருக்கிறாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பவுலூசி இரண்டு புருவத்தையும் உயர்த்தினார்.

நம்மூரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: என்ன? காதில் விழவில்லையோ என்று சத்தமாகக் கேட்டாள். மறுபடியும் புருவம். எங்கே இருக்கிறார்கள் என்றாவது தெரியுமா என்றாள். அதற்கும் புருவம். ஒருத்தி புருஷனைக் காணாமல் நின்று கேட்கிறாள், இந்த மனுஷன் என்ன, என்ன என்று விளையாடுகிறாரே! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடியிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் ஓடினாள்.

கேட்டியில் இருக்கும் அண்ணன் அனந்தராமனைக் கூப்பிட்டாள். "அண்ணா, அவரைக் காணோம்ணா! இங்க ஒருத்தரும் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. யாரையாவது ரெஸ்க்யூ பண்ணச் சொல்லுங்கண்ணா!"

"அழாத தாமரை. நீ லைன்லயே இரு, நான் இன்னொரு போன்ல ட்ரை பண்றேன்" என்றார் அண்ணன்.

பவுலூசி வந்து கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. பாட்டரி தீரும்வரை, நாற்பது நிமிடம், லைனிலேயே இருந்தாள்.

சத்தம் கேட்டுச் சமையல் கூடாரத்திலிருந்து பவுலூசியின் மனைவி நயோமி ஓடி வந்தாள். உங்கள் கணவர் பதிலே சொல்லவில்லை என்று தாமரைச்செல்வி கத்தினாள்.

"சொன்னாரே! புருவத்தைத் தூக்கினால் எங்களிடம் ஆமாம் என்று அர்த்தம். மூக்கைச் சுருக்கினால்தான் இல்லை. அவர்கள் ஒரு தீவோரம் ஒதுங்கியிருக்கிறார்கள். கிளம்பலாமா என்று தம்பி இந்தப் போனில்தான் கேட்பான். பனி விலகும்வரை இரு என்று இவர் சொல்ல வேண்டும்" என்றாள் நயோமி.

தாமரைச்செல்விக்கு இப்போதுதான் புரிந்தது. ஆமாம், பத்திரம். ஆமாம், தெரியும். அத்தனை ஆறுதலையும் அந்த மனிதர் அவள் கையிலேயே கொடுத்தார், அவள்தான் தட்டிவிட்டாள். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பவுலூசி அவளைத் திட்டவில்லை. ஓர் இரும்புக் கம்பியை எடுத்து, கரையில் கிடந்த காலி டீசல் டிரம்மை அடிக்க ஆரம்பித்தார். போன்தான் செத்துவிட்டது, சத்தத்தை வைத்தாவது அவர்களுக்குத் திசை தெரிய வேண்டும். அவளும் ஒரு கம்பியை எடுத்தாள். "என்னங்க! என்னங்க!" என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டே, உள்ளங்கைத் தோல் உரியும்வரை அடித்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து படகு வந்தது. முன்பக்கம் நசுங்கியிருந்தது. தம்பி மட்டும்தான் உட்கார்ந்திருந்தார். "போன் கிடைக்கவே இல்லை, கிளம்பிவிட்டோம். பாறையில் இடித்தது. அவர் தண்ணீரில் விழுந்துவிட்டார்" என்றார்.

தார்ப்பாய்க்கு அடியில், உதடு நீலம் பாய்ந்து, கண்மூடிக் கிடந்தான் சேனாபதி.

பவுலூசி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்தார். அவன் கழுத்தில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவேயில்லை. தாமரைச்செல்விக்கு ஆங்கிலம் மொத்தமும் மறந்துபோனது.

"உயிர் இருக்கா? சொல்லுங்கய்யா, உயிர் இருக்கா?"

தமிழ் தெரியாவிட்டாலும் கேள்வி புரிந்தவராகப் பவுலூசி திரும்பினார். சுருங்கிவிடக்கூடாதே, சுருங்கிவிடக்கூடாதே என்று அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

புருவம் இரண்டும் மெல்ல உயர்ந்தன.

இந்தத் தடவை அவள் மறுபடி கேட்கவில்லை.