கணீரென்ற குரல்

தம்பிக்குக் கொடுத்த வீரப் பதக்கத்தோடு ஒரு பாராட்டுரையும் வந்தது. தடித்த தாளில் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். எதிரிகள் நெருங்குவதை முதலில் கண்டவர் அவர்; கணீரென்ற குரலில் ஆணையிட்டுத் தோழர்களை வெளியேற்றினார்; வாசலில் தனியாக நின்று போரிட்டு வீழ்ந்தார். அவ்வளவுதான் அதில் இருந்தது.

அப்பா அதைச் சுவரில் மாட்டவில்லை. பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார்.

தம்பிக்குத் திக்குவாய். கடையில் அவன் "சோப்பு" என்று கேட்டு முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் தன் சாமான்களை வாங்கிக்கொண்டு போயே போய்விடுவார். வீட்டில் அவன் ஆரம்பிக்கிற வார்த்தையை நான் முடித்து வைப்பேன். பெரும்பாலும் தப்பாகத்தான் முடிப்பேன். "கத்தரிக்கோல்" என்று சொல்ல வாயெடுத்தால் "கதவா?" என்பேன். தலையில் அடித்துக்கொண்டு அவனே போய் எடுத்துக்கொள்வான். அவனுக்குக் கணீரென்ற குரலா?

"இது வேற யாரோ பெத்த புள்ளையோட பதக்கம். விலாசம் மாறி வந்திருக்கு," என்றார் அப்பா.

"விலாசம் மாற இது என்ன கரண்ட் பில்லாப்பா?"

சிரிப்பார் என்று நினைத்தேன். அப்பா பஸ் பணிமனையில் மெக்கானிக். கிரீஸ் ஏறிய நகங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சத்தம் போட்டது வேற யாராவதா இருக்கும்மா. இவனும் சொல்ல வாயெடுத்திருப்பான். தொண்டையில நின்னுருக்கும். அதுக்குள்ள..."

அவர் முடிக்கவில்லை. நானும் முடித்து வைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த நினைப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டது. அச்சகத்தில் தாள் மடித்துத் தைப்பது என் வேலை. கை பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்கும். வாய் திறந்தபடி வார்த்தை வராமல் நிற்கிற அவன் முகம் எதிரே வந்து நிற்கும்.

முதல் வருட நினைவு நாளுக்குப் படைப்பிரிவிலிருந்து அழைத்தார்கள். "நீயே போயிட்டு வா," என்ற அப்பா, நான் செருப்பு மாட்டும்போது கூடவே கிளம்பிவிட்டார். மேடையில் பாராட்டுரையை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். 'கணீரென்ற' என்று வந்ததும் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். சீருடையில் ஒரு பையன் கிட்டே வந்தான்.

"ரேடியோவோட அப்பாவா நீங்க?"

"ரேடியோவா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சிருங்கய்யா. உங்க பையனை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். விட்டு விட்டுக் கேக்கும்ல, அதான்."

"அன்னைக்கு நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன்யா. அவன் புண்ணியத்துலதான் இங்க நின்னு டீ குடிக்கிறேன்."

"யாருப்பா சத்தம் போட்டது?"

"அவன்தான்."

"கணீர்னு கத்தினானா?"

"அது ஆபீஸ்ல எழுதுறவரு போட்டுக்கிட்டது. ஒரு பழைய மில்லுல தங்கியிருந்தோம். காலையில குழாயடியில நான் சவரம் பண்ணிட்டிருக்கேன், வாசல்ல இவன் காவல். திடீர்னு 'ஓ... ஓ... ஓ...'ன்னு ஒரே சத்தம்."

அப்பா என் கையைப் பிடித்தார். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஓடினோம். பாதி மூஞ்சி நுரையோட ஓடினேன்."

"ஓடுங்கன்னு சொல்லி முடிச்சானா?"

"எங்கய்யா முடிக்க விட்டோம்? சாப்பாட்டுல உப்பு இல்லேன்னாக்கூட வாயத் திறக்காமச் சாப்பிடுற ஆளு அவன். அவனே அப்படிக் கத்துறான்னா தலை போற விஷயம்னு தெரியாதா? வேற எவனாவது கத்தியிருந்தா, என்னடான்னு கேட்டுட்டு உக்காந்திருப்போம். மொத 'ஓ'வுக்கே பாதிப் பேரு எந்திரிச்சாச்சு. அடுத்ததுக்கு நான் பின்சுவர் மேல." அவன் குரல் தாழ்ந்தது. "எல்லாரும் தாண்டின பிறகும் வாசல்ல அவன் துப்பாக்கிச் சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் கேட்டுச்சுய்யா. எங்களோடயே வந்திருக்கலாம். எல்லாரும் வெளிய போகட்டும்னு நின்னுட்டான்."

"அப்ப அவன் போனது வார்த்தை நின்னு போனதால இல்ல," என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

"இல்லவே இல்லய்யா. எங்களுக்கு அந்த 'ஓ'வே போதுமா இருந்துச்சு."

அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஒரு வருடமாக இறக்காமல் வைத்திருந்த சுமையை இறக்குவதுபோல இருந்தது. அந்தத் திறந்த வாய் இனி என்னைப் பயமுறுத்தாது என்று தெரிந்தது.

"எப்படிக் கத்தினான்? இன்னொரு தடவை செஞ்சு காட்டு," என்றார் அப்பா.

பையன் என்னைப் பார்த்தான். தம்பியைப் போலத் திக்கிக் காட்டியதற்காக நடுத்தெருவில் ஒருத்தரின் சட்டையைப் பிடித்தவர் அப்பா.

"சும்மா செய்யுப்பா."

"ஓ... ஓ..." என்றான் தயங்கித் தயங்கி.

"அப்படி இல்ல. மொத ஓவை அவ்வளவு இழுக்க மாட்டான். கண்ணை இறுக்கி மூடிக்குவான். தாடை இப்படிக் கோணிக்கிட்டுப் போகும்." அப்பா கண்ணை மூடித் தலையை முன்னால் தள்ளினார். "ஓ... ஓ... ஓ...!"

பிஸ்கட் எடுத்துக்கொண்டிருந்த அதிகாரி திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அதேதான்யா! அச்சு அசல்!" என்று பையன் துள்ளினான்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. "இன்னொரு தடவை செய்யட்டுமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"செய்ங்கப்பா," என்றேன்.