சமத்து

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை என்றால், ஊரிலுள்ள அத்தனை பேர் எரிச்சலையும் ஒற்றைக் காதில் வாங்கிக்கொள்கிற வேலை. கதவு கீச்சென்கிறது என்று ஒருவர், மூன்றாம் மாடியில் விளக்கு மினுக்குகிறது என்று இன்னொருவர். யாரோ லிஃப்டுக்குள் சாம்பாரைக் கொட்டிவிட்டார்கள், ஆள் அனுப்புங்கள் என்றுகூட ஒருவர் கூப்பிட்டதுண்டு. எட்டு மாத வயிற்றை மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவில் செருகிக்கொண்டு அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள். எது இப்போதே, எது நாளைக்கு என்று பிரிப்பதுதான் அந்த வேலையின் சூட்சுமம். ஆறு வருடப் பழக்கத்தில் குரலைக் கேட்டதுமே பிரித்துவிடுவாள். உள்ளே மாட்டிக்கொண்டு கத்துகிற ஆளுக்காக அவள் பதறியதே இல்லை. கத்துகிறவருக்குத் தெம்பு இருக்கிறது. பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினால்தான், சாப்பிடுகிற மெக்கானிக்கைப் பாதிச் சோற்றில் எழுப்பி விரட்டுவாள்.

அப்படிப்பட்டவளுக்குத் தன் வயிற்று விஷயத்தை மட்டும் பிரிக்கத் தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து குழந்தை அடங்கிக் கிடந்தது. வழக்கமாகக் காலைச் சாப்பாடு உள்ளே போனதும் விலா எலும்பில் ஏறி மிதிக்கும். வயிற்றின் மேல் டம்ளரை வைத்தால் தண்ணீர் தளும்பும். இன்றைக்கு விடியற்காலையில் ஒரே ஒரு புரளல், அதுவும் நிஜமா கனவா என்று தெரியவில்லை.

சொல்லாமல் இல்லை, மூன்று பேரிடம் சொன்னாள். வீட்டுக்குக் கீழேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கணவன், வளர்ந்த குழந்தைக்கு உள்ளே இடம் போதாது, அதனால்தான் அசையவில்லை என்று, ஏதோ தானே உள்ளே போய் அளந்து பார்த்துவிட்டு வந்தவன் போலச் சொன்னான். பக்கத்து நாற்காலிக்காரி இரண்டு பெற்றவள். ஒரு சாக்லெட்டைக் கொடுத்து, தின்றுவிட்டுப் பார், குதிக்கும் என்றாள். தின்றாள். குதிக்கவில்லை. மாமியாருக்குப் போன் போட்டால் அவர் சந்தோஷப்பட்டார்.

"சமத்துக் குழந்தைம்மா. அம்மா வேலைக்குப் போறான்னு அதுக்கே தெரியுது பாரு."

சமத்தாம். பிறக்கவே இல்லை, அதற்குள் நடத்தைச் சான்றிதழ். ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள், டாக்டரிடம் போ என்று சொல்லத்தான் ஆளில்லை.

போயிருப்பாள். ஆனால் எந்த முகத்தோடு போவது? ஐந்தாம் மாதத்தில் வலி என்று ஓடினாள், வாய்வு என்று திருப்பி அனுப்பினார்கள். போன மாதம் பனிக்குடம் உடைந்துவிட்டது என்று குடும்பமே பிரசவப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. சோதித்துப் பார்த்த நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது தண்ணீர் இல்லை, சிறுநீர் என்றார். கணவன் அந்தக் கதையை உறவுக்காரர் ஒருத்தரையும் விடாமல் சொல்லியாயிற்று. அதிலிருந்து அவள் தும்மினால்கூட, "பையை எடுக்கவா?" என்கிறான். புலி வருது, புலி வருது என்று மூன்றாம் தடவையும் ஓடி, இந்தத் தடவையும் எலிதான் என்று ஆகிவிட்டால்? அவன்மேல் ஆத்திரமாக வந்தது. அவன் கேலிக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் தன்மேல் அதைவிட ஆத்திரமாக வந்தது. சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று எட்டாவது தடவையாக நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு பெரியவர். குரல் தணிந்திருந்தது. எவ்வளவு நேரமாக மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"முக்கால் மணி நேரம் இருக்கும்மா. தானா சரியாயிடும்னு பாத்தேன். ஒன்னுமில்லாததுக்கு உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு... இப்ப லேசா நெஞ்சை அடைக்குது, அதான்."

மெக்கானிக்கையும் ஆம்புலன்ஸையும் அனுப்பச் சொல்லிப் பக்கத்து நாற்காலிக்காரிக்குச் சைகை காட்டிவிட்டு, காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபத்தையெல்லாம் அந்த மனிதர் தலையில் கொட்டினாள்.

"ஏங்க, லிஃப்டுக்குள்ள அந்த எமர்ஜென்சி பட்டனை என்ன அழகுக்கா வெச்சிருக்கோம்? ஒன்னுமில்லைன்னா நாங்க வந்து ஒன்னுமில்லைன்னு சொல்லிட்டுப் போறோம். அதுக்குத்தானே உக்காந்திருக்கோம். சந்தேகம்னா அழுத்த வேண்டியதுதானே!"

அந்தப் பக்கம், "சரிம்மா" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. கதவைத் திறந்து அவரை வெளியே எடுக்கும்வரை, பேரன் பேத்தி எத்தனை, எந்த வகுப்பு என்று கேட்டுக் கேட்டு அவரைப் பேச வைத்துக்கொண்டே இருந்தாள். போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது. அவள் யாரிடம் கத்தினாலும் உள்ளேயிருந்து ஓர் உதை விழும், இவ்வளவு நாளும் விழுந்திருக்கிறது. இவ்வளவு கத்தியும் இன்றைக்கு ஒன்றுமே இல்லை. நேற்றிலிருந்து பேச்சை நிறுத்திவிட்ட ஆளைச் சமத்து என்று கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து, பிரசவ வார்டு எண்ணை அழுத்தினாள். எடுத்தது அதே நர்ஸம்மா. நேற்றிலிருந்து அசைவு குறைவு என்று சொல்லிவிட்டு, போன தடவை மாதிரி இருந்தாலும் இருக்கும் என்று இழுத்தாள்.

"போன தடவையை விடும்மா. இனிப்பு சாப்பிட்டுப் பாக்கறேன், படுத்துப் பாக்கறேன்னு நேரத்தை ஓட்டாதே. இப்பவே கிளம்பி வா. நூறு தடவை ஒன்னுமில்லாம வந்தாலும் வா."

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகளைக் கட்டினார்கள். நர்ஸம்மா கருவியை அங்கே இங்கே நகர்த்தினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் நேராத நேர்த்திக்கடன் இல்லை. பிறகு டொக் டொக்கென்று இதயம் துடிக்கும் சத்தம் கேட்டது. அவள் வாய்விட்டு அழுதாள். இந்தத் தடவை நர்ஸம்மா சிரிக்கவில்லை. துடிப்பு இருக்கிறது, ஆனால் குழந்தை அசைந்தால், இயந்திரம் காகிதத்தில் போடுகிற துடிப்புக் கோடு மேலே ஏற வேண்டும், ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும், டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்றார். ஒயர் வைத்த சின்னப் பொத்தான் ஒன்றை அவள் கையில் கொடுத்து, அசைவு தெரிகிறபோதெல்லாம் அழுத்தச் சொன்னார்.

கணவன் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தான். விரலெல்லாம் மை. தோளில் அந்தப் பை. எடுக்கவா என்று கேட்காமலேயே எடுத்து வந்திருந்தான். குழந்தை எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கிறாள் எனப் போனை நீட்டினான்.

"சமத்துன்னு இனிமே யாராவது சொன்னாங்க, நடக்கறதே வேற" என்றாள், இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். காகிதம் சர்ரென்று நகர்ந்துகொண்டிருந்தது. கோடு மேலே ஏறாமல் ஒரே மட்டமாகவே போய்க்கொண்டிருந்தது. வராந்தாவில் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். இடது விலாவுக்குக் கீழே ஏதோ மெல்ல ஊர்ந்த மாதிரி இருந்தது. அசைவோ, வாய்வோ, அவளுடைய பயமோ, சொல்லத் தெரியவில்லை.

அழுத்தினாள்.