காவாந்தண்டலம் வரைக்கும் கேட்க வேண்டும்

அம்மன் கோயிலுக்கு ஒலிபெருக்கி வாங்குவதில் தர்மகர்த்தா தாண்டவராயனுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. அது காவாந்தண்டலம் வரைக்கும் கேட்க வேண்டும். அந்த ஊரில்தான் அவருடைய மைத்துனர் பெருமாள் இருக்கிறார். அம்மனுக்கு இதில் என்ன அபிப்பிராயம் என்று யாரும் விசாரிக்கவில்லை.

கோயில் மதிலை ஒட்டியது கல்பனாவின் வீடு. ஒரகடத்து கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து, காலை ஏழு மணிக்கு வந்து படுக்கிறவள். கோயிலில் பாட்டு போடுவது ஏழேகாலுக்கு. அதனால் ஒலிபெருக்கி வந்த அன்று படுக்காமல் கோயிலிலேயே நின்றாள்.

கடைக்காரர் வினோத்குமார் குட்டியானை வண்டியில் இரண்டு செட் கொண்டுவந்திருந்தார். மண்டபத்துக்குள் மாட்டும் சின்னப் பெட்டிகள் ஒரு ஜோடி. கோபுரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்கள் நான்கு. தாண்டவராயனின் கண் குழாய்களை விட்டு நகரவில்லை.

"மாமா, சின்னத மொதல்ல பாத்துட்லாமே. வேணாம்னு சொல்றதுக்காவது," என்றாள் கல்பனா.

பெட்டிகளை மாட்டினார்கள். கேட்கிறதா என்று சொல்ல, கோயிலில் எடுபிடி வேலை பார்க்கும் இருசப்பன் பைக்கில் காவாந்தண்டலம் போனான். அங்கிருந்து அவன் போன் செய்ததும், தாண்டவராயன் ஒரு கையில் மைக்கையும் மறு கையில் போனையும் சேர்த்து வாயருகே பிடித்துக்கொண்டார்.

"இருசப்பா, கேக்குதா?"

"கணீர்னு கேக்குதுண்ணா."

"எங்க கீற?"

"உங்க மச்சான் வூட்டு வாசல்ல. பல்லு வெளக்கிக்கினு கீறாரு."

"அவருக்குக் கேக்குதா?"

"போன அவரு காதுல வெச்சேன். நல்லாக் கேக்குதாம். இன்னாத்துக்கு கத்தறாருன்னு கேக்கறாரு."

தாண்டவராயனின் மீசை ஒரு சுற்றுப் பெருத்தது. இருசப்பனை இன்னும் தள்ளிப் போகச் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது. அங்கேயும் கேட்டது.

"ஐயா, அது போன்ல..." என்று வினோத்குமார் ஆரம்பித்தார்.

கல்பனா அவர் கையில் டீயைக் கொடுத்தாள். "ஏண்ணா, கொழாய்னா கோபுரத்துல ஏறிக் கட்டறது யாரு, நீங்கதான?" என்றாள் மெதுவாக.

அவர் அண்ணாந்து பார்த்தார். இரண்டாம் நிலையில் முறம் அகலத்துக்கு ஒரு தேன்கூடு தொங்கியது.

"நல்ல பெட்டிதாங்க," என்றார்.

"எனக்குத் தெரியாதா? இதுவே போதும். கொழாய எறக்கவே வேணாம்," என்ற தாண்டவராயன், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சவுண்டக் கொறச்சே வை நைனா. வாலாஜாபாத்துக்காரன் சண்டைக்கு வந்துடப் போறான்."

தனக்கும் அதே பயம்தான் என்று சொல்லிவிட்டு, கல்பனா படுக்கப் போனாள்.