மச்சினனின் தலை வெளிச்சம்

முப்பத்தாறாவது வயதில் மச்சினனுக்கு முழு வழுக்கை விழுந்தது. அடுத்த வாரத்திலிருந்து தலை வெளிச்சம் கொடுக்கத் தொடங்கியது. தொட்டால் சூடில்லை, கரண்ட் செலவில்லை, பூச்சிகள் மட்டும் கொஞ்சம் வரும். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பசி எடுக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டார். இரண்டும் தாராளமாக வந்தன. வேலைக்குப் போகாமல் அக்கா வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவை வராமல் வேறென்ன வரும்? தெருவில் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள்.

சந்தோஷப்பட்டவர் அக்காவின் கணவர்தான். அவர் நாணயங்களுக்குத் தரம் சொல்பவர். பழைய காசு சேகரிப்பவர்கள் வாங்குமுன் அவரிடம்தான் காட்டுவார்கள்: கைபட்டுத் தேய்ந்ததா, அச்சில் வந்த மெருகு அப்படியே இருக்கிறதா, இல்லை யாராவது பாலிஷ் போட்டு ஏமாற்றப் பார்க்கிறார்களா. பாலிஷ் போட்ட காசில் மயிரிழைக் கீறல்கள் இருக்கும். வெளிச்சம் சரியில்லையென்றால் அவை கண்ணில் படாது. ட்யூப் லைட்டில் எல்லாக் காசும் ஒரே மாவில் புரட்டி எடுத்ததுபோல் தெரியும். வெயிலில் வைத்தால் கண் கூசும். குண்டு பல்பு, மேசை விளக்கு, கழுத்து வளைகிற விளக்கு என்று வாங்கி வாங்கி வீடே விளக்குக் கடை மாதிரி ஆகியிருந்தது. அப்படியும் ஒருமுறை பாலிஷ் போட்ட காசுக்கு முதல் தரம் சொல்லிவிட்டு ஊர் சிரிக்க நின்றவர் அவர். இந்தத் தொழிலில் பெயர் கெட்டால் அப்புறம் கதவைத் தட்ட ஆள் இருக்காது.

மச்சினன் தலை வெளிச்சத்தில் காசால் எதையும் மறைக்க முடியவில்லை. ஆனால் எல்லா நாளும் அப்படி இல்லை. அவன் குஷியாக இருந்தால் எந்தக் காசும் புதுக்காசாகத் தெரிந்தது. கோபித்துக்கொண்ட நாளில் மட்டும் ஒவ்வொரு கீறலும் எழுந்து நின்றது. நல்ல வெளிச்சம் வேண்டுமென்றால் மச்சினன் மனம் நோக வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து வேலை தொடங்குமுன் அவனுக்கு ஆறிப்போன காபி வந்தது. சமையலறையிலிருந்து 'தண்டச்சோறு' என்று ஒரு வார்த்தை காதில் விழும்படி வந்தது. மேசையோரம் உட்கார்ந்தபடி அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். அவர் பூதக்கண்ணாடியை எடுப்பார். முதல் வருஷம் அக்கா அடுப்பைப் பார்த்தபடி அதைச் சொன்னாள். அப்புறம் பழகிவிட்டது. எட்டு வருஷம் இப்படியே ஓடியது, ஒரு காசுகூடத் தப்பவில்லை.

ஒன்பதாம் வருஷம், கறுப்புக் கோட்டுகள் தைக்கும் தையல்காரி ஒருத்தி எதிர்மாடிக்குக் குடிவந்தாள். தலை எரிகிற மனுஷனைப் பார்த்து அவள் கேட்டதெல்லாம், "தூங்கும்போது உங்களுக்குக் கண்ணு கூசாதா?" என்பதுதான். இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அவ்வளவுதான், மச்சினன் கவிழ்ந்துவிட்டான். அதற்குப் பிறகு எப்படி நோகடித்தாலும் அவனுக்கு நோகவில்லை. ஆறின காபியைக் குடித்துவிட்டு, "நல்லாருக்குக்கா" என்றான். மேசைமேல் குனிந்து ஒவ்வொரு காசையும் ஆசையாகப் பார்த்தான். காசெல்லாம் நேற்று அச்சடித்தவை போல மின்னின. வியாபாரி ஒருவர் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "கீறல் என் கண்ணுக்கே தெரியுது. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த வாரமே தையல்காரியின் அண்ணன் விசாரிக்க வந்தார். "ஆள் எப்படிங்க? உங்ககூடத்தானே இருக்கார்?" வெட்டியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று ஒரு வார்த்தை போதும், கல்யாணம் நின்றுவிடும், வெளிச்சமும் பழையபடி ஆகிவிடும். வார்த்தை அக்காவின் கணவருக்கு வாய்வரை வந்தது. உள்ளறைக் கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. மச்சினன் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தான். "தங்கமான மனுஷனுங்க. இந்த வீட்டுல அடுப்பு எரியறதே அவனாலதான்" என்றார். சொன்னபிறகுதான் அது பொய்யில்லை என்று அவருக்கே உறைத்தது.

கல்யாணம் நடந்தது. தொழிலை விட்டுவிடலாம் என்று அவர் பூதக்கண்ணாடியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் புதுத்தம்பதி வீட்டுக்கு வந்தார்கள். மச்சினன் சிரித்தபடி வந்து, மேசையில் கிடந்த காசின்மேல் குனிந்தான். தையல்காரி அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"நேரா மேலேருந்து அடிச்சா என்ன தெரியும்? கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்டறவ நான், எனக்குத் தெரியாதா? பக்கத்துலேருந்து சாய்வா விழணும்."

மச்சினன் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். காசில் அத்தனை கீறலும் எழுந்து நின்றது.

கோபத்துக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமே இல்லை. கோபம் வந்தால் முகத்தைத் திருப்புவான், வெளிச்சம் சாய்வாக விழும், அவ்வளவுதான் விஷயம். கொஞ்சம் திரும்பி உட்காரு என்று ஒரு நாள் கேட்டிருந்தால் போதும். அவருக்கு வெட்கமாக இருந்தது. "மாப்ளே, உன்னை இத்தனை நாளா வேணும்னேதான்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் அத்தான்" என்றான் மச்சினன். "மொத மாசமே தெரியும். நான் மூஞ்சியத் தூக்கினாத்தான் உங்களுக்கு வேலை ஓடுதுன்னு, கோபம் வராத அன்னிக்கும் தூக்கி வெச்சுக்கிட்டேன். இவ வந்தப்புறம்தான் அது வரமாட்டேங்குது."

சமையலறையில் அக்கா ஓவென்று அழுதாள். தையல்காரி பிடித்த தாடையை விடவில்லை. வெளிச்சம் விழவேண்டிய இடத்தில்தான் விழுந்தது. அவருக்குத்தான் காசு கொஞ்ச நேரம் தெரியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாலிஷ் போட்டது" என்று சொல்லிவிட்டு, அடுத்த காசை எடுத்தார்.