இசோமியின் நீல வெளிச்சம்

இசோமி என்ற ஜப்பானியப் பழுதுபார்க்கும் கப்பல் எங்கள் பலாவ் தீவின் காயலில் மூழ்கி எண்பது வருடம் ஆகிறது. இன்னும் வேலையை நிறுத்தவில்லை. வெல்டிங் வெளிச்சம் தண்ணீருக்கடியில் நீலமாக எரிவதால் மீன் தானாக வந்து கூடுகிறது. எங்களுக்கு விளக்குச் செலவு மிச்சம்.

போர்க்காலத்தில் கிழிந்த கப்பல்கள் சாய்ந்தபடி அதனிடம் வந்தன, நிமிர்ந்து போயின, போனவற்றில் பாதி திரும்பவில்லை. வெல்டர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டையில் தகட்டைப் பற்றவைத்ததும் வெளியிலிருந்து சுத்தியலால் மூன்று தட்டு. உள்ளே நிற்பவன் பதிலுக்கு மூன்று தட்டினால் வேலை முடிந்தது.

தொகுஜி அங்கே கைதேர்ந்த வெல்டர். அவன் தம்பி ஷின்பெய் இருந்த போர்க்கப்பல் ஒருநாள் விலாவில் ஓட்டையோடு வந்து சேர்ந்தது. தொகுஜி பகலெல்லாம் அடைத்தான். விடிந்து பார்த்தால் தகடு காய்ந்த இலைபோல் உதிர்ந்து கிடந்தது. மறுநாளும் அப்படியே. மேலதிகாரி அவனை அறைந்து பார்த்தார். தகடு அதற்கெல்லாம் மசியவில்லை. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அடைத்தால் தம்பி போய்விடுவான் என்று அவனுக்குத் தெரியும், அது இரும்புக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

கடைசியில் ஷின்பெய்யே வந்தான்.

"அண்ணே, மனசு வச்சு அடைச்சு விடுண்ணே. உன் தயவுல மீன் தின்னு தொப்பை போடுறேன்னு கப்பல்ல எல்லாரும் சிரிக்கிறானுங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்டா. சிரிக்கிறவன் எவனாவது உன்ன அம்மா முன்னால கொண்டுபோய் நிறுத்துவானா?"

"உள்ள நான்தான் நிப்பேன். நீ தட்டு, நான் பதில் தட்டுறேன்."

அன்று தகடு பிடித்துக்கொண்டது. தொகுஜி தட்டினான். உள்ளிருந்து இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக வந்தது. சின்ன வயதில் வீட்டுக் கதவைத் தட்டிய அதே தட்டு. கப்பல் போனது. மாதம் முடிவதற்குள் அது மூழ்கிய செய்தி வந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை. என் கையாலேயே அடைத்து அனுப்பினேனே என்று தொகுஜி சோற்றைத் தொடாமல் கிடந்தான். பிறகு எதிரி விமானங்கள் வந்து குண்டு போட்டு இசோமியையும் அவனையும் அடியில் இறக்கின.

அடுத்த வாரமே நீல வெளிச்சம் தெரிந்தது. அங்கே எதை அடைக்கிறான் என்று யாரும் பார்த்ததில்லை. வெளிச்சம் அணையும், மூன்று தட்டு கேட்கும், பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்காது. மறுபடி வெளிச்சம் எரியும்.

எங்கள் மீனவர் டெமெய் ஒருமுறை மனசு கேட்காமல், பாவம் இனியாவது தூங்கட்டும் என்று, துடுப்பால் வள்ளத்தின் அடியில் மூன்று தட்டினார். கீழே ஒரு கணம் எல்லாம் நின்றது. பிறகு வெளிச்சம் திரும்ப எரிந்தது. தம்பியின் கை அண்ணனுக்குத் தெரியாதா?

அதிலிருந்து யாரும் தட்டுவதில்லை. அந்த இடம் வந்தால் பேச்சைக் குறைத்துக்கொண்டு வலை போடுகிறோம். மீன் கிடைக்கிறது.