நோன்புக் கஞ்சியில் ஒரு மாத்திரை

மலிகாவுக்கு வாய் ஓயாது. தண்டையார்பேட்டையில் அவள் பாவாடை தைக்கும் சத்தத்தைவிடப் பேசும் சத்தம்தான் தெருமுனை வரை கேட்கும். அப்பேர்ப்பட்டவள் இரண்டு வருஷமாக ஒரு விஷயத்தை மட்டும் மூச்சுவிடாமல் வைத்திருந்தாள். மகள் ஜஸீமாவின் மாத்திரையைப் பொடித்து, அவளுக்குத் தெரியாமல் சாயங்கால டீயில் கலந்து கொடுத்துவந்தாள். நோன்பு மாதத்தில் டீக்குப் பதில், பள்ளிவாசலிலிருந்து தூக்குச்சட்டியில் வாங்கிவரும் கஞ்சி.

வேறென்ன செய்வாள்? பதினாறு வயதில் ஜஸீமாவின் காதில் குரல்கள் பேச ஆரம்பித்தன. மாத்திரைகளைத் துப்பிவிட்டு ஒரு நாள் காசிமேட்டுக் கடற்பாறை மேல் போய் நின்றுவிட்டாள். மீன் விற்கும் பெண்கள்தான் இழுத்து வந்து வீட்டில் விட்டார்கள். அன்றிலிருந்துதான் மலிகா மாத்திரையைப் பொடிக்க ஆரம்பித்தாள்.

இந்த நோன்பில் ஜஸீமாவுக்குப் பதினெட்டு முடிந்தது. ஆஸ்பத்திரியில் பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். புது டாக்டர் சுஜா ஜஸீமாவிடம் கேள்வி கேட்டார். பதிலையெல்லாம் மலிகாவே சொன்னாள்.

"நேத்து நோன்பு தொறக்கற நேரத்துல, தம்பி முபாஷிர் இவ கஞ்சில ஒரு வாய் கேட்டான் டாக்டரம்மா. ஏழு வயசு புள்ள. கோப்பையப் புடுங்கிகினு அவன் கைல பளார்னு ஒண்ணு வச்சா. மறுபடி முத்திகிச்சோன்னு பயமா கீது."

"மாத்திரை யாரு குடுக்கறாங்க?"

மலிகா மகள் பக்கம் கண்ணைக் காட்டினாள். டாக்டர் ஜஸீமாவை வெளியே உட்காரச் சொன்னார். மலிகா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"இனிமே மறைக்கக் கூடாதும்மா. என்ன சாப்பிடறோம்னு அவளுக்குத் தெரியணும். நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல இருக்கேன்."

"சொன்னா எங்கையால பச்சத்தண்ணி கூட வாங்க மாட்டா. திரும்ப கடலாண்ட போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

ஆனாலும் மகளைக் கூப்பிட்டார்கள். மலிகா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இரண்டு வாக்கியம். வாழ்க்கையில் அவள் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான்.

"தெரியும்மா," என்றாள் ஜஸீமா. "மொத நாளே தெரியும். கசக்குமே."

"தெரிஞ்சா குடிச்ச?"

"கொரலு தெனம் சொல்லும், அதுல வெஷம் கீது, உங்கம்மா உன்னக் கொல்லப் பாக்குதுன்னு. நெசமா பொய்யான்னு எனக்குப் புரியாது. நீ கலக்கசொல்ல முதுகக் காட்டிகினு நிப்ப, அதப் பாப்பேன். அம்மா குடுக்குதே, போனா போவட்டும்னு குடிச்சிடுவேன்."



"தம்பிய ஏன் அடிச்ச?" டாக்டர்தான் கேட்டார்.

"நான் குடிக்கலாம் டாக்டர். வெஷமா இருந்தா? அவன் குடிக்கலாமா?"

இரண்டு வருஷம், ஒவ்வொரு சாயங்காலமும், விஷமோ என்று நினைத்துக்கொண்டே மலிகாவின் கையால் வாங்கிக் குடித்திருக்கிறாள். இவளையா கைப்பிள்ளை மாதிரி ஏமாற்றினோம் என்று மலிகாவுக்கு உறைத்தது. தான் பெற்ற பெண்ணைப் புதிதாகப் பார்ப்பவள் போல, கண்ணீரைத் துடைக்கவும் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் ஜஸீமா பேரீச்சம்பழத்தைத் தின்றாள். அட்டையிலிருந்து மாத்திரையைத் தானே பிதுக்கி, தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடி, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலிகா வாயே திறக்கவில்லை.

பிறகு ஜஸீமா தன் கஞ்சிக் கோப்பையைத் தம்பி பக்கம் தள்ளினாள்.

"இந்தாடா. இப்போ நீ குடி."