பின் இருக்கையிலிருந்து ஒரு போன்

1

இது ஒட்டுக்கேட்ட கதை. மறைத்து என்ன ஆகப்போகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாயங்கால பஸ். என் முன் சீட்டில் ஒருவன், சட்டைக் காலரெல்லாம் மாவு. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

“சாப்பிட்டியா?”

“ஆச்சு. நீங்க?” என்றது எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

தற்செயல் என்று நினைத்தேன்.

“நான் எங்க சாப்பிட்டேன்? வெறும் டீதான்.”

“டப்பாவுல வச்சு அனுப்பினேனே, அது என்னாச்சு?”

“முதலாளி மோப்பம் பிடிச்சிட்டாரு. எனக்கு டப்பாதான் மிச்சம்.”

பின்னால் சிரிப்பு. முன்னாலும் சிரிப்பு. நடுவில் நான், திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி இப்படியும் அப்படியும் திரும்பினேன். இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினார்கள். போனைப் பைக்குள் போட்டார்கள். அவன் முன்னால், அவள் நாலடி பின்னால், ஒரே கட்டிடத்துக்குள் போனார்கள். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் சொந்தச் சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘குடியேற்றச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட சீர்திருத்தங்கள் தொழிலாளர் குடும்பங்களிலும் வீட்டு வாடகையிலும் ஏற்படுத்திய—’

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது: ‘அவள் விமானத்திலிருந்து இறங்கியபோது வானம்—’

(வானம் எப்படியோ போகட்டும்.)

நேராகவே சொல்கிறேன். பழைய சட்டப்படி அவனால் இந்த நாட்டுக்குத் தனியாகத்தான் வர முடிந்தது. கல்யாணமான மாதமே வந்துவிட்டான். ரொட்டிக்கூடத்தில் வேலை, ஆறு பேர் தங்கும் அறை. குடித்தனம் முழுக்கப் போனில்தான். மற்ற ஐந்து பேரும் கேலி செய்வார்களே என்று போர்வையை இழுத்து மூடி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு பேசுவான். அப்படியொரு வாயாடி! முதலாளி போலப் பேசிக்காட்டுவான், அவளை ‘மகாராணி’ என்பான், கேட்டால் பாடக்கூடச் செய்வான். அவள் அங்கே மாமியார் விழித்துக்கொள்ளப்போகிறாரே என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பாள்.

எட்டு வருஷம் கழித்துச் சட்டம் மாறியது. தனி வீடு எடுத்தால் மனைவியை அழைத்துக்கொள்ளலாம். அவளும் வேலைக்குப் போகலாம்.

“மாப்ள, சட்டம் உனக்குப் பொண்டாட்டியக் குடுத்துச்சு. உன் பங்கு வாடகைய எங்க தலைல கட்டிருச்சு,” என்றார்கள் அறைக்காரர்கள். சொல்லிவிட்டு அவர்களே அவன் கட்டிலைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

[அடிக்குறிப்பு: ஊரிலிருந்த தம்பிக்கு முகம் சுண்டிப்போனது. அண்ணன் பணத்தில் எழும்பிக்கொண்டிருந்த வீடு ஜன்னல் மட்டத்தோடு நின்றுவிட்டது. தம்பி பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை எழுத ஆரம்பித்தால் இந்தக் கதை நகராது.]

அவள் வந்தாள். அவன் ஊமையானான்.

சாப்பாடு எப்படி என்றால் “ம்”. வெளியே போகலாமா என்றால் “உன் இஷ்டம்”. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? சொந்த வீட்டிலேயே நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அவள் ஊரிலிருந்த அக்காவிடம் சொல்லி அழுதாள்.

“வேற யாரோ வீட்டுக்கு வந்துட்டேன் போலிருக்குக்கா. என் வீட்டுக்காரரு போன்லயே நின்னுட்டாரு.”

3

இந்த இடத்தில் எனக்கே அவன்மேல் சந்தேகம் வந்தது. இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து ஒரு பக்கம் எழுதினேன். என் மனைவி படித்தாள்.

“மாவு மூட்டை தூக்கிட்டு வந்து சுவரப் பார்த்துப் படுக்கிறவனுக்கு இன்னொருத்தியா? வேற காரணமே கிடைக்கலையா உங்களுக்கு?”

அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். பாவம், அவனுக்கு வெறும் கூச்சம். பாசத்தைச் சுவரிடம் சொல்லிப் பழகியவனுக்கு முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

தனி வீட்டு வாடகை ஒரு சம்பளத்தில் கட்டுப்படியாகவில்லை. அவள் ஓர் ஓட்டலின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை. ஒருநாள் இடைவேளையில் வீட்டுச் சாவியைக் காணோம் என்று அவனுக்குப் போன் செய்தாள்.

“ஹலோ, யாரு, மகாராணியா? சாவிய மட்டும் தொலைச்சீங்களா, ராஜ்யத்தையும் சேர்த்தா?”

அதே குரல்! அவள் அப்படியே விரிப்புக் குவியல்மேல் உட்கார்ந்து அழுதாள்.

“ஏய், என்னாச்சு? சாவி போனாப் போகுது, விடு.”

“ஒண்ணுமில்ல. பேசுங்க. பேசிக்கிட்டே இருங்க.”

அதிலிருந்து இடைவேளை தவறாமல் போன். சாயங்காலம் இருவரும் வீடு திரும்புவது ஒரே பஸ்ஸில்தான் என்று தெரிந்த பிறகும் அவள் பின்வாசலில் ஏறி, அவன் தலை தெரிகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எண்ணைத் தட்டினாள். பக்கத்தில் போனால் வாயடைத்துப்போவானே என்று பயம்.

4

அவளுக்குக் கொடுத்த முதல் அனுமதி முடியப்போகிறது. தங்குவதென்றால் இருவரும் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் மறுபடி வருவது குதிரைக்கொம்பு.

அவள் மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது. ஊருக்குப் போய்விட்டால் பழைய புருஷன் திரும்பக் கிடைப்பான். சிரிக்கவைப்பான், பாடுவான். அதுவும் ஒரு வாழ்க்கைதானே?

(இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். மனசு கேட்கவில்லை.)

முடிவு ஒன்று: அவள் போய்விடுகிறாள். அவன் தனி வீட்டிலும் போர்வையை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்து, “ஹலோ, மகாராணி—”

(முடியாது. எழுதமாட்டேன்.)

முடிவு இரண்டு: அவன் அவள் கையைப் பிடித்து, “போகாத. நீ இல்லாம எனக்கு—”

என் மனைவி சிரித்துவிட்டாள். “இப்படிப் பேசத் தெரிஞ்சிருந்தா அவன் ஏன் முன் சீட்டுல உட்கார்ந்திருக்கான்?”

5

அந்த பஸ்ஸிலேயே மறுபடி ஏறினேன். ஏறினேனா, ஏறியதாக எழுதுகிறேனா என்று கேட்காதீர்கள். முன்னால் அவன், பின்னால் அவள், நடுவில் நான்.

“நாளைக்கு ஆபீஸ் போகணும்,” என்றாள் போனில். “இருக்கேன்னு சொல்லவா, கிளம்பறேன்னு சொல்லவா?”

அவன் காது சிவந்துபோய் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பின்னாலிருந்து, பேசித் தொலையேண்டா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருவர் அவன் பக்கத்துக் காலி இடத்தில் உட்காரப்போனார். அவன் சட்டென்று சாப்பாட்டு டப்பாவை எடுத்து அங்கே வைத்தான்.

“ஆள் வர்றாங்க.”

போன் காதில்தான் இருந்தது. அவளுக்கும் அது கேட்டது. பிறகு போனில் சொன்னான்:

“இங்க இடம் இருக்கு. ஆனா பக்கத்துல இருந்தா எனக்குப் பேச வராது. பரவாயில்லையா?”

எனக்குப் பின்னால் சீட்டு கிறீச்சிட்டது. எழுந்தாளா, சாய்ந்துகொண்டாளா? திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. என் நிறுத்தமும் வந்துவிட்டது.

நீங்கள் என் இடத்தில் உட்காருங்கள். காலை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து முன்னால் போக வழி இருக்கட்டும்.